நேராகக் கட்டிய ரோஜா

ஏழாயிரத்து நானூற்று இருபது. தையல்காரம்மா எனக்குத் தரவேண்டிய பாக்கி அது. என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பதும் அந்தத் தொகைதான். நாற்பத்தெட்டு வயதில் பெண்டாட்டியிடம் எழுத்துப் படித்தவன் நான். சொந்தமாக முதலில் எழுதியது கடன் கணக்கு. ஏழின் வால் கீழ் வரி வரைக்கும் இறங்கிவிட்டது.

சாரம் கட்டுவது என் தொழில். கொத்தனாரும் பெயிண்டரும் ஏறி நின்று வேலை பார்க்க, மூங்கிலையும் கயிற்றையும் வைத்துச் சுவரோரமாக ஒரு கூடு கட்டிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவேன். கட்டின அடையாளமே இருக்காது. முப்பது வருஷத்தில் நான் கட்டின சாரத்திலிருந்து ஒருத்தரும் விழுந்ததில்லை. அந்தப் பெருமையைத் தவிர என்னிடம் இருப்பது ஒரு ஒழுகுகிற தகரக் கூரை.

தையல்காரம்மா வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே அவரும் அவர் புருஷனும். மாடியில் வாடகைக்கு ஒரு டீச்சர். பக்கவாட்டுச் சுவர் முழுக்க காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. புதிதாகப் பூச வேண்டும். சாரம் கட்டப் போனபோது சுவரே தெரியவில்லை. கொடி ரோஜா ஒன்று கட்டைவிரல் தடிமனில் ஒன்பது தண்டுகளோடு சுவரைப் பிடித்திருந்தது. தண்டுகள் எல்லாம் சன்னலுக்கு இரண்டு பக்கமும் கண்டபடி சரிந்து கிடந்தன. துருப்பிடித்த கம்பிகள் நாலைந்து அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. பார்க்க ஆளில்லாமல் செடி சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தண்டில் கை வைத்ததும் சன்னலுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"யாரு, சாரமா? மெதுவா இறக்குங்க. முறிஞ்சா ஒட்டாது."

"பயப்படாதீங்கண்ணே. பூ மாதிரி இறக்குறேன்."

"பூவையே பூ மாதிரி இறக்குறீங்களா, சரி. எனக்கு கடைத்தெரு, சினிமா எல்லாமே இந்தச் சன்னல்தான். அதுல ஓடுற ஒரே படம் இந்தச் செடி. அதான் சொன்னேன்."

அவர்தான் தையல்காரம்மாவின் புருஷன், மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. இதைக் கொத்தனார் கீழே நின்று சாந்து குழைத்துக்கொண்டே சொன்னார். மேலே ஏறிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரிக் கதை காதில் விழுந்தால் உள்ளங்கால் கூசும். அன்றைக்கு நான் ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

செடியை ஒரு தண்டும் முறியாமல் இறக்கித் தரையில் படுக்க வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். பத்து நாள் பூச்சு வேலை நடந்தது. பழைய காரையோடு பழைய கம்பிகளையும் கொத்தனார் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சாரத்தை அவிழ்க்கிற நாளுக்கு முந்தின நாள் லைன்மேனுக்குப் படுக்கைப் புண் சீழ் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல்காரம்மாவும் கூடவே போய்விட்டார். சிமெண்டுக்கும் கொத்தனாருக்கும் முன்னாலேயே கொடுத்தாயிற்று. சாரம்தான் கடைசியில் இறங்குவது; அதனால் அதற்கு உள்ள காசும் கடைசியில்தான். அந்தக் கடைசிக் காசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பாக்கி விழுந்த கதை இவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

சாரத்தை அவிழ்த்தபோது வீட்டில் ஆள் இல்லை. செடி தரையில் கிடக்கிறது. விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. மறுநாள் வேறொரு வேலையை விட்டுவிட்டு, என்னுடைய புது மூங்கில் நாலு எடுத்துப் போய்ச் சன்னலுக்கு முன்னால் வரிசையாக நட்டேன். ஒன்பது தண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்த்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மயிரிழை சாயாமல் நேராகக் கட்டினேன். கயிற்றை நனைத்து மூன்று சுற்று, ஒரு இழுப்பு. எங்கள் தொழிலில் சாய்ந்த கம்பு ஆளை விழுங்கும். நேராக நிற்கிறதுதான் பாரம் தாங்கும். சாயங்காலம் எட்ட நின்று பார்த்தேன். பட்டாளம் அணிவகுத்த மாதிரி இருந்தது. இதற்குக் கூலி கேட்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். அந்த அளவுக்கு எனக்கே என்னைப் பிடித்துப்போன நாள் அது.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை பாக்கி கேட்கப் போவேன். தையல்காரம்மா மிஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வருவார். கழுத்தில் அளவு நாடா, உதட்டோரம் ஒரு குண்டூசி.

"அடுத்த மாசம் யூனிஃபார்ம் துணி வருதுண்ணே. தைச்சுக் கொடுத்ததும் உங்க பாக்கிதான் முதல்ல."

"சரிம்மா. செடி எப்படி இருக்கு?"

"இருக்குண்ணே."

அந்த "இருக்குண்ணே"யில் ஒரு தயக்கம் இருந்தது. காசு தர முடியாத தயக்கம் என்று நினைத்தேன்.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, மாடிப்படியில் இறங்கி வந்த டீச்சர் என்னைப் பார்த்து நின்றார்.

"நீங்கதானே ரோஜாவைக் கட்டினது? ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்க. என் பால்கனியில கை நீட்டினா பூ. மேசையில, பாத்ரூம்ல, எங்க பார்த்தாலும் டம்ளர்ல வச்சிருக்கேன்."

அண்ணாந்து பார்த்தேன். ஒன்பது தண்டும் மாடி வரைக்கும் ஏறி, உச்சியில் கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. அன்றைக்குக் காசு கிடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

பெண்டாட்டி அடுப்புக்கு மேலே சொட்டுகிற இடத்தில் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் சாரம் கட்டுறாரு. சொந்தக் கூரைக்கு ஒரு தகரம் போட ஆளில்ல. அந்தம்மா காசு கொடுத்தாங்களா?"

"கொடுக்கல. ஆனா பூ பூத்திருக்கு."

"அதைக் கொண்டாந்திருந்தா ஓட்டையில சொருகியிருக்கலாம்."

எட்டாவது தடவை போனபோது மிஷின் சத்தம் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. திரும்பலாம் என்று பார்த்தேன்.

"சாரக்காரரா? செருப்புச் சத்தம் தெரியுது. உள்ள வாங்க. அவ துணி கொடுக்கப் போயிருக்கா."

எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. முன்னறையில் மிஷினும் வெட்டுத் துணி மூட்டையும். பின்னறையில் சன்னலோரம் கட்டில். ஆள் நினைத்ததை விடப் பெரிய உருவம். தோளும் கையும் கம்பம் ஏறின ஆளுடையது. போர்வைக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி தட்டையாக இருந்தது. ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் தலையணை உயரத்துக்கு என் தலையும் வந்தது. அவர் பார்க்கிற மாதிரியே சன்னலைப் பார்த்தேன்.

பூ இல்லை. இலைகூட அதிகம் இல்லை. செங்குத்தாக நாலு மூங்கில், அதன்மேல் முள்ளும் மொட்டையுமாக ஒன்பது தண்டு, சிறைக்கம்பி மாதிரி. நடுவில், சரியாகக் கண்ணுக்கு நேராக, என் முடிச்சுகள்.

"நல்ல முடிச்சு," என்றார் லைன்மேன். "எட்டு மாசமா பார்க்கிறேன். ஒண்ணுகூட அசையல."

கழுத்தை வளைத்து மேலே பார்த்தேன். "பூவெல்லாம் மேல..."

"மேலதான் இருக்கும். நிமிர்ந்து நின்னா இந்தச் செடி உச்சியில மட்டும்தான் பூக்கும். படுக்கப் போட்டாத்தான் கணுவுக்குக் கணு முளை விட்டுப் பூக்கும். அதுக்குத்தான் கம்பி இழுத்துச் சாய்ச்சு விட்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "படுத்தா பூக்கிற ஜாதி அது. நானும் படுத்து மூணு வருஷம் தாண்டியாச்சு. ஒரு மொட்டையும் காணோம்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சரிந்து கிடப்பதாக நான் நினைத்த செடிதான் சரியாக இருந்தது. நான் சரியாகக் கட்டினது அந்த மனுஷனுடைய சன்னலை அடைத்துவிட்டது.

"ஏண்ணே, எட்டு தடவை வந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? உங்களுக்குக் காசு பாக்கி. காசு கொடுக்காதவன் வேலையில குத்தம் சொன்னா அதுக்கு ஊர்ல என்ன பேரு? கூலியைக் குறைக்க வழி தேடுறான்னுதானே? அதனால கணக்கு தீர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அவ எனக்குச் சட்டம் போட்டிருக்கா. இன்னைக்கு அவ இல்ல."

எழுந்து வெளியே போனேன். கத்தியை எடுத்து முதல் முடிச்சை அறுத்தேன். கயிறு பட்டைக்குள் இறங்கியிருந்தது. தண்டு பருத்திருக்கிறது, என் முடிச்சு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இடத்துக்கு மேலே தண்டு கறுத்துக்கிடந்தது. முப்பது வருஷம் இறுக்கிக் கட்டத்தான் படித்தேன். வளர்கிற ஒன்றை அதுவரைக்கும் நான் கட்டினதே இல்லை.

சன்னலுக்குள்ளிருந்து அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தண்டாக அவிழ்த்தேன். "இளசை முதல்ல எடுங்க. கையைத் தாழ்த்துங்க. இன்னும். வில்லு மாதிரி வளையணும். போதும், போதும், அது கத்துது பாருங்க." எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. அடுத்ததில் எனக்கும் கேட்டது. நல்ல தடித்த தண்டு, அவசரப்பட்டு அழுத்திவிட்டேன். படக்கென்று முறிந்து கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா தெருமுனையில் திரும்பினார்.

கீழே சாய்ந்த மூங்கில், அறுந்த கயிறு, தரையில் கிடக்கிற கொடி, ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் முறிந்த தண்டோடு நான். அவர் கையிலிருந்த பை நழுவியது. ஆனால் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"காசு வரலைன்னா வாசல்ல நின்னு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மிஷினைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். கேட்டிருக்கவே மாட்டேன். இது என்னண்ணே பண்ணிச்சு உங்களை?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"ஏய், அவரை விடு. நான்தான் அவிழ்க்கச் சொன்னேன்."

"நீங்களா? நான் சொல்லக் கூடாதுன்னு..."

"அவரா வந்து உட்கார்ந்து அவரா பார்த்தாரு. நான் முடிச்சைப் பாராட்டினதோட சரி."

அம்மா என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். குனிந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபம் போலிருக்கிறது என்று நின்றேன். திரும்பி வந்தபோது கையில் வெட்டுத் துணி மூட்டை இருந்தது.

"கயிறு வேணாம்ண்ணே. அது கெட்டி. இதைக் கிழிச்சுக் கட்டுங்க. முன்னாடி அவர் இப்படித்தான் கட்டுவாரு. எட்டு நம்பர் மாதிரி சுத்தி, உள்ள ஒரு விரல் போற அளவுக்கு."

விரல் போகிற முடிச்சு. எங்கள் ஆட்கள் பார்த்தால் காறித் துப்புவார்கள். போட்டேன்.

தடித்த தண்டுகளை ஒரே நாளில் வளைக்க முடியாது. வாரத்துக்கு ஒரு சாண் இறக்கிக் கட்ட வேண்டும். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை போய்க்கொண்டிருந்தவன் வாராவாரம் போனேன். புதுப் பூச்சில் ஆணி அடித்து, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு, குறுக்கே நாலு வரிசைக் கம்பி இழுத்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் கொத்தனாரை நினைத்துக்கொண்டேன். கம்பி இழுக்கிற விஷயத்தில் லைன்மேன் விட்டுக்கொடுக்கவே மாட்டார். "தொய்யுது. இன்னும் இழுங்க. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க." கறுத்துப்போன தண்டை வெட்டி எறிந்தோம். ஒன்பதில் ஏழு மிச்சம். பழைய பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கினேன். எரு வாங்கி வேரைச் சுற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

"பாக்கி வாங்கப் போறீங்களா, பாக்கிக்கு வட்டி கட்டப் போறீங்களா?" என்று வீட்டில் கேட்டாள் பெண்டாட்டி. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம், "காசை விட்டுட்டு வந்துடாதீங்க. தப்பு செடிகிட்ட. கூரை நம்ம கூரை," என்றாள். குண்டானை நகர்த்தி வைத்தாள். ஓட்டை இடம் மாறியிருந்தது.

ஆறாவது வாரம் எல்லாத் தண்டும் படுத்துவிட்டன. சன்னலைச் சுற்றி மேலே இரண்டு வரிசை, கீழே இரண்டு வரிசை. சுவரெல்லாம் சட்டைத் துண்டும் பாவாடை ஓரமுமாக மஞ்சளும் நீலமும் கட்டமும். பூ வருவதற்கு முன்னாலேயே ஏதோ பூத்த மாதிரி இருந்தது. ஆனால் செடி மட்டும் இருந்த இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாகக் கிடந்தது. ஏழாவது வாரமும் அப்படியே. மாடி டீச்சர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே," என்றார். ஒரே கையால் இரண்டு தடவை கொன்றுவிட்டேனோ என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையிடத்தில் முடிச்சுப் போடும்போது உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று நினைவு வந்து இறுக்கினேன்.

எட்டாவது சனிக்கிழமை வாசலில் கால் வைக்கும்போதே குரல் வந்தது. "சாரக்காரரே, கிட்ட போய்ப் பாருங்க. எனக்குக் கண்ணு பொய் சொல்லுதான்னு தெரியல."

போய்ப் பார்த்தேன். படுத்த தண்டின் முதுகில், கணுவுக்குக் கணு, நெல்மணி அளவுக்குச் சிவப்பாக முளை. ஒன்று இரண்டு இல்லை. ஒரு தண்டில் மட்டும் பதினொன்று.

"பொய் சொல்லலண்ணே," என்றேன். சன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் களை பிடுங்கினேன். களை அவ்வளவாக இல்லை.

ஏழு வாரம் கழித்துப் பூத்தது. முதல் பூ சன்னலின் கீழ்ச் சட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே. இரண்டாவது நாள் ஐந்து. அந்தச் சனிக்கிழமை நான் போனபோது முப்பத்தொன்று என்றார். கழுத்தைத் திருப்பாமலே எண்ணக் கூடியது மட்டும் அவ்வளவு. கட்டிலில் விரிப்பு புதிது. முகம் மழித்திருந்தார். தையல்காரம்மா எனக்கு டீயும் ஒரு காகித உறையும் கொண்டுவந்து வைத்தார்.

"யூனிஃபார்ம் காசு வந்துடுச்சுண்ணே. ஏழாயிரத்து நானூத்தி இருபது. எண்ணிப் பாருங்க."

நான் எண்ணவில்லை. பாதியை உருவி ஸ்டூல் மேல் வைத்தேன். "இது போதும்மா. ஒரு வருஷம் அண்ணனுக்குச் சன்னலை அடைச்சு வச்சவன் நான்."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. சாரம் கட்டினீங்க, அதுக்குக் கூலி. செடியை நீங்களா பாவம் பார்த்துக் கட்டினீங்க. அதுக்கு யாராவது அபராதம் வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன்," என்றார் கட்டிலில் இருந்தவர்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"எட்டு மாசம் முடிச்சையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தவன் நான். அவளுக்கு என்ன தெரியும்? அபராதம் நானூத்தி இருபது. ஏழாயிரத்தை எடுத்துட்டுப் போய் வீட்டுக்குத் தகரம் போடுங்க. அதுக்கு மேல பேசினா அபராதம் ஏறும்."

கூரை விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மாவைப் பார்த்தேன். "அக்கா ரவிக்கை தைக்க வந்தாங்க," என்றார். என் பெண்டாட்டி ரவிக்கை தைத்துக் கொண்டதாக எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஏழாயிரத்தை எண்ணி மடியில் வைத்தேன். நானூற்று இருபதை உறைக்குள் வைத்து ஸ்டூல் மேலேயே விட்டேன். இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். வால் நீண்ட ஏழு அங்கேயே இருந்தது. அம்மா பேனா கொடுத்தார். அந்தத் தொகையின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், ஒரு கோடு இழுத்தேன்.

"காட்டுங்க," என்றார் லைன்மேன். நோட்டைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். எழுத்து, கோடு எல்லாவற்றையும் மேலதிகாரி மாதிரி பார்த்தார்.

"இதையாவது படுக்கப் போட்டீங்களே," என்றார்.